அம்மாவின் சீதனம் கேட்டு வந்தவன்

எங்கள் கிராமத்து ஓரத்தில் ஒரு புல்மேடு இருக்கிறது. ஊரார் அதை ஆங்கிலேயர் மேடு என்பார்கள். பத்தொன்பது வருடமாக அதைத் தாண்டித்தான் முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறேன். சுவிஸ் குடியுரிமைக்கான நேர்காணலில் அந்த மேடு என்னவென்று கேட்டார்கள். "ஊரார் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிற இடம்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது: ஊரைப் பற்றிய அறிவு போதாது, அடுத்த வருடம் மறுபடி வரலாம். என் கணவருடைய விண்ணப்பமும் அதே கோப்பில்தான் இருந்தது. நான் சொன்ன அந்த நாயால் அவருக்கும் இல்லையென்று ஆகிவிட்டது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எந்த வீட்டுக் கிழவருக்கு எந்தச் சவர்க்காரம் ஒத்துக்கொள்ளாது என்பது வரை எனக்குத் தெரியும். எனக்கா ஊரைத் தெரியாது? அந்தக் குளிர்காலம் முழுக்க நூலகத்தில் அகராதியும் கையுமாக உட்கார்ந்தேன்.

மேட்டுக்குள் புதைந்து கிடப்பவர்கள், அறுநூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒரு பிரபுவோடு வந்த படைவீரர்கள். பிரபு பிரான்சில் பிறந்தவன். இளம் வயதில் பணயமாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். போன இடத்தில் அரசனுக்கு அவனைப் பிடித்துப்போய், மகளையும் கட்டிக்கொடுத்துப் பிரபுப் பட்டமும் கொடுத்தான். பிறகு இரண்டு நாடும் மோதிக்கொண்டபோது, பிறந்த மண்ணுக்கு எதிராகவும் வாள் எடுக்கமாட்டேன், மாமனாருக்கு எதிராகவும் எடுக்கமாட்டேன் என்று ஒதுங்கி நின்றான். அந்த இடத்தில் எனக்கும் அவனைப் பிடித்துப்போனது.

ஆனால் அவன் தாய் இந்தப் பக்கத்தை ஆண்ட கோமகன் வீட்டுப் பெண். அவளுக்குக் கலியாணத்தில் பேசிய நிலத்தை அந்த வீட்டார் கொடுக்கவேயில்லை. கேட்டுப் பார்த்து அலுத்து, சண்டையில்லாமல் சும்மா கிடந்த ஆங்கிலக் கூலிப்படைகளைத் திரட்டிக்கொண்டு இங்கே வந்து இறங்கினான்.

"இஞ்சேருங்கோ, இது சீதனப் பிரச்சினையப்பா!" என்று சமையலறைக்குள் கத்தினேன்.

கணவர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "அவங்கள் கேக்கிறதுக்கு மட்டும் மறுமொழி சொல்லிப்போட்டு வாரும். ஊராக்கள் வீரர், அந்நியனை அடிச்சுக் கலைச்சவை எண்டால் போதும். ஊரோடை ஒத்து வாழோணும்."

"ஒத்துத்தானே பத்தொன்பது வருசம் வாழ்ந்தனாங்கள். என்னத்தைக் கண்டது?"

இரண்டாவது நேர்காணலில் மேசையைச் சுற்றி ஐந்து பேர். தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மேட்டைப் பற்றி ஊருக்கு ஒரு சிறு புத்தகமே எழுதியவர். அந்தப் பிரபு எதற்காக வந்தான் என்று கேட்டார்.

"அம்மாவின் சீதனத்துக்காக."

"சீதனம் இல்லை அம்மணி, வாரிசுச் சொத்து. அதுவும் கொள்ளையடிக்க ஒரு சாட்டு."

மேசைக்குக் கீழே கணவர் என் காலை மிதித்தார். "சீதனம்தான்" என்றேன். "உங்கள் புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது."

செயலாளர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நான் விடவில்லை. "ஆனால் யாழ்ப்பாணத்தில் வழக்குப் போட்டிருந்தாலும் அவன் தோற்றிருப்பான். எங்கள் பழைய சட்டப்படி தாயின் சீதனம் மகளுக்குத்தான்." நாலு பேர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

"சரி, அந்தச் சண்டையில் நீங்கள் யார் பக்கம்?"

அவருக்கு வேண்டிய பதில் எனக்குத் தெரியும். கணவரின் கால் இப்போது என் காலின் மேலேயே இருந்தது. ஆனாலும் எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எதிரிக்கு ஒரு பிடி தானியமும் கிடைக்கக்கூடாதென்று உங்கள் கோமகனே தன் குடிகளின் ஊர்களைக் கொளுத்தினான். கொளுத்திவிட்டு மதிலுக்குள் போய் இருந்துகொண்டான். மிச்சத்தைப் பிரபுவின் ஆட்கள் கொளுத்தினார்கள். கடைசியில் பொறுக்கமாட்டாமல் தடியோடு எழும்பி அவர்களை விரட்டியது சனம்தான். நான் வீடு எரிந்த சனத்தின் பக்கம். எங்கள் நாட்டுச் சண்டையில் என் வீடும் எரிந்தது. யார் வைத்த நெருப்பென்று இன்றைக்கும் இரண்டு கதை சொல்கிறார்கள். போனது எங்கள் கூரைதான்."

தலைவர் பேனாவை மூடிவைத்தார். "கோமகன் கொளுத்தியது உங்கள் புத்தகத்தில் இல்லை. சேர்க்கவேண்டும்" என்றேன்.

வெளியே வந்ததும் கணவர், "எல்லாம் போச்சு" என்றார்.

"போனால் போகட்டும். குனிஞ்சு வாங்கிற கடதாசி எனக்கு வேண்டாம்."

பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றபிறகு அவர், "கூரைக் கதையை என்னட்டையும் நீர் ஒரு நாளும் கதைச்சதில்லை" என்றார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. இருவருக்கும் சம்மதம். அடியில் தலைவரின் கையெழுத்துக்குப் பக்கத்தில், அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகப் பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகும்போது முதல்முறையாக அந்த மேட்டில் ஏறினேன். நாயோடு வந்த ஒருவர் வணக்கம் சொல்லிவிட்டுப் போகும்வரை காத்திருந்தேன். பிறகு புல்லைப் பார்த்துத் தமிழில் சத்தமாகவே சொன்னேன்:

"உங்கடை துரையைக் கண்டால் சொல்லுங்கோ. அவன் அவ்வளவு படையோடை வந்தும் அப்ப ஒரு முழம் நிலம் கிடைக்கேல்லை. நான் ஒரு கைப்பையோடை வந்தனான்."