வீடு காத்திருந்த படிப்பு

எங்கள் பக்கத்தில் கல்லூரியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பஸ்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, எந்தக் கல்லூரியின் பஸ் தங்கள் ஊர் வழியாக வருகிறது என்பதைத்தான். என்ன படிப்பு என்பது அதற்குப் பிறகு. நான் வரலாற்று ஆசிரியன். பெரம்பலூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் உயர்கல்வி ஆலோசனையும் என் பொறுப்பு. கோடை விடுமுறையில் அரியலூரிலிருந்து வந்து பள்ளி நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உளவியல் கேட்டு வருபவர்கள் ஆண்டுக்கு ஓரிருவர். கொரோனாவுக்கு முன் அப்படி ஒருவர் வந்ததாக எனக்கு நினைவில்லை. வருகிறவர்களிடம், விளம்பரத்தைப் பார்க்காதீர்கள் என்பேன். துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் என்று கேளுங்கள்; ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்; சாவி இல்லை என்றால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். களப்பணிக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்பதை மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம்தான் விசாரிக்க வேண்டும்.

சென்ற ஆண்டு மே மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு மாணவி தன் தாயோடு வந்தாள். பதினொன்றாம் வகுப்பிலிருந்தே உளவியல்தான் படிப்பேன் என்று சொல்லிவந்தவள். "நான் இப்ப என்ன நெனைக்கிறேன்னு சொல்லு பாப்போம்" என்று வகுப்பில் கேலி செய்வார்கள். "என் டிபன் பாக்ஸத்தான், வேற என்ன" என்று இவள் திருப்பிக் கொடுப்பாள்.

திருச்சியில்தான் அந்தப் படிப்பு, விடுதியில் தங்க வேண்டியிருக்கும் என்றேன். தாய் தயங்கவில்லை. எனக்கு வியப்பாக இருந்தது. அந்த ஊரிலிருந்து பெண்ணை விடுதிக்கு அனுப்ப இவ்வளவு எளிதாகச் சம்மதித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

"படிச்சு முடிச்சு வேலைக்கெல்லாம் போக வேணாம் சார். வூட்டோட இருந்து பாத்துக்கிட்டா போதும்" என்றார்.

வீட்டிலேயே ஆலோசனை நிலையம் வைக்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எதையும் ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்ப்பது என் வழக்கம். ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினேன். இளநிலை மூன்று ஆண்டு. முதுநிலை இரண்டு. நோயாளிகளைப் பார்க்க வேண்டுமானால் மருத்துவமனையோடு சேர்ந்த பயிற்சி இன்னும் ஏறக்குறைய இரண்டு.

தாய் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு வருஷமா? மூணு வருஷம்னுதானே சொன்னாங்க. ஏழு வருஷம் அவங்க அப்படியே இருக்கணுமா சார்?"

யார் என்று கேட்டேன். மகள் தலை குனிந்துகொண்டாள். தாய்தான் சொன்னார். கணவர் பல ஆண்டு குவைத்தில் கடை வேலை பார்த்தவர். திரும்பி வந்தபின் மெல்ல மெல்லப் பேச்சு குறைந்தது. பிறகு, தெருவில் யாரோ தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொல்ல ஆரம்பித்தார். ஜன்னல்களில் அட்டை வைத்து மறைத்தார். திருச்சியில் ஒரு மருத்துவரிடம் காட்டியதில் ஓரளவு தேறியிருந்தார். ஆனால் மாதாமாதம் வாசலில் கார் வந்து நிற்பதை அக்கம்பக்கம் கேட்கத் தொடங்கியது. அப்போதுதான் உறவுக்காரர் ஒருவர், உன் மகளே அந்தப் படிப்புத்தான் படிக்கப்போகிறாள், மூன்று வருஷம் பொறுத்தால் வெளியே தெரியாமல் வீட்டிலேயே வைத்தியம் நடக்கும் என்று யோசனை சொல்லியிருக்கிறார்.

மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்றேன். ரம்ஜான் நோன்புக்கு முந்தி என்றார். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அதன் பிறகு நான் கல்லூரிகளைப் பற்றிப் பேசவில்லை. ஏழு ஆண்டு படித்தாலும் இவள் மாத்திரை எழுத முடியாது. அதற்கு மனநல மருத்துவர் வேண்டும். தன் தகப்பனுக்குத் தானே வைத்தியம் பார்ப்பதையும் அந்தத் துறை ஏற்காது. பெரம்பலூர் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்து இலவசம், இந்த வாரமே போங்கள் என்றேன். இதையெல்லாம் அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப நான் படிச்சு என்ன பிரயோசனம் சார்?" என்றாள்.

அதை அப்புறம் பேசலாம் என்று மட்டும் சொன்னேன்.

அதிலிருந்து மூன்றாம் வாரம் இருவரும் மறுபடி வந்தார்கள். மருத்துவமனைக்கு இரண்டு முறை போய்வந்திருந்தார்கள். தாய் கெஞ்சியதற்கு அசையாத தகப்பனிடம், மகள் போய் உட்கார்ந்து உள்ளதைச் சொல்லியிருக்கிறாள்: "நான் டாக்டராவெல்லாம் ஆக மாட்டேன் அத்தா. எனக்காகக் காத்திட்டிருக்காதீங்க." மறுநாள் அவர் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். ஜன்னல் அட்டைகள் இன்னும் எடுக்கப்படவில்லை. மாத்திரை சாப்பிடுகிறார். தூங்குகிறார்.

கல்லூரிகளில் விண்ணப்பம் முடிய சில நாட்களே இருந்தன. ஆங்கில இலக்கியம் என்றால் ஊருக்கே பஸ் வரும் என்று நானே எடுத்துச் சொன்னேன். இனி அவள் உளவியல் படித்தே தீர வேண்டும் என்பதில்லை. அவள், "சார், சைக்காலஜில மொதல் வருஷம் என்னதான் சொல்லித் தருவாங்க?" என்றாள்.

இரண்டு ஆண்டுகளில் அவள் அதைக் கேட்டதே இல்லை. பாடத்திட்டத்தை எடுத்து இருவரும் படித்தோம். நினைவு, கவனம், கற்றல், குழந்தை வளர்ச்சி. புள்ளியியல் என்ற இடத்தில் அவள் விரல் நின்றது.

"கணக்கா சார்? அதுக்குப் பயந்துதானே ஸ்கூல்ல இந்த குரூப்பே எடுத்தேன்."

தாய் முதன்முறையாகச் சிரித்தார். திருச்சிக்கே போட்டுவிடலாமா என்று கேட்டேன். தாய் சரி என்று வாயெடுக்குமுன் மகள் மறித்தாள். அத்தாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றாள். நோய் வந்தது முதல் அந்த வீட்டில் அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை என்று தாய் பிறகு சொன்னார்.

மறுநாள் மதியம் தனியாக வந்தாள். "அத்தாகிட்ட கேட்டேன் சார். 'திருச்சி தூரமாச்சேம்மா, தனியா இருந்துக்குவியா'ன்னாங்க. இருந்துக்குவேன்னேன்."

கணினியைத் திறந்து, விண்ணப்பத்தைத் தொடங்கினோம்.