அக்காவின் விண்ணப்பத்தில் நான் இழுத்த கோடு

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு முப்பத்தொரு நாள். இந்த நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அத்தான் கேட்டார். நான் அக்காவின் ஒரே தம்பி, தொழிலால் வைத்தியன். நல்ல வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்தது இதுதான்.

அக்கா மடுல்கெல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தார். அப்பாவுக்கு அங்கே ஆபீசில் கிளார்க் வேலை. எங்கள் படிப்புக்காகவே கண்டிக்குப் பக்கத்திலுள்ள கட்டுகஸ்தோட்டைக்கு வந்து, கடைத்தெருவுக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஈரம் ஊறும். அக்கா அறையின் நடுவே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து படிப்பார். உயர்தரப் பரீட்சையில் அவர் எடுத்த புள்ளியைக் கேட்டதும் எதிர்க்கடை முதலாளி ஒரு டின் பிஸ்கட்டை எடுத்து அப்பாவின் கையில் வைத்து, "டொக்டர் மகள் கெடச்சிட்டா உங்களுக்கு" என்றார். இரண்டு கிழமைக்குத் தெருவே அக்காவை டொக்டர் என்றுதான் கூப்பிட்டது.

பிறகு பல்கலைக்கழக விண்ணப்பம் வந்தது. விரும்பும் மருத்துவ பீடங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும். மேலே எழுதியது கிடைக்காவிட்டால் கீழே எழுதியது கிடைக்கலாம். எழுதாத இடம் ஒருபோதும் கிடைக்காது. என் கையெழுத்து மணிமணியாக இருக்கும் என்று அப்பா படிவத்தை என்னிடம் தந்தார்.

"கண்டி மட்டும் போடு."

"மத்த எடத்தையும் கீழ போட்டு வைப்போமேப்பா" என்றார் அக்கா.

"பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் ஹொஸ்டல்ல விட்டுட்டு நான் இங்க நிம்மதியா இருக்கவா? பஸ்ல போய் வர்ற எடம் போதும். ஒன் மார்க்ஸுக்குக் கண்டியே கெடைக்கும்."

அப்பா பாசக்காரர், பயந்தவர். இரண்டும் சேர்ந்தால் என்ன செய்யும் என்று அன்று எனக்குத் தெரியாது. மருத்துவத்துக்கு ஒரே ஓர் இடமும், அதற்குக் கீழே கண்டியிலேயே விஞ்ஞானப் படிப்பும் எழுதினேன். மிச்ச இடத்தில் யாரும் எதையும் சேர்த்துவிடக் கூடாதென்று, யாரும் சொல்லாமலே அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்தேன். எனக்குப் பதினாறு வயது. கோடு நேராக வந்ததில் ஒரு பெருமை வேறு.

பீடங்களின் வெட்டுப்புள்ளி வெளிவந்தபோது கண்டி மயிரிழையில் தவறியது. அக்காவைவிடக் குறைந்த புள்ளி எடுத்த வகுப்புப் பையன் கிழக்கே ஒரு மருத்துவ பீடத்துக்குப் பெட்டி கட்டினான். "இன்னொரு தடவ எழுதுறேன்ப்பா" என்று அக்கா கேட்டார். "கெடச்சதப் படிம்மா" என்றார் அப்பா. அதற்கு மேல் அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

இரண்டு வருடத்தில் என் முறை வந்தது. நாட்டிலுள்ள மருத்துவ பீடம் ஒன்றைக்கூட விடாமல் அப்பாவே சொல்லச் சொல்ல எழுதினேன். அக்கா எடுத்த புள்ளி எனக்கு இல்லை. ஆனாலும் தெற்கே கடற்கரை ஊரொன்றில் இடம் கிடைத்தது. பஸ் ஏற்றிவிட வந்த அக்கா, "நல்லாப் படி தம்பி. எனக்கும் சேத்துப் படி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அக்கா உயிரியல் ஆசிரியையானார். இன்று என் வார்டில் வேலை செய்யும் இளம் வைத்தியர்களில் பெண்கள்தான் அதிகம். அவர்களில் இருவர் அக்காவின் மாணவிகள். பரீட்சைப் பெறுபேறு வரும் காலத்தில் அக்கா பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து, விண்ணப்பத்தில் எல்லா இடங்களையும் நிரப்பாமல் எழும்ப விடமாட்டார். "எங்க புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பச் சொல்ல நீங்க யாரு டீச்சர்?" என்று சண்டைக்கு வந்த தகப்பன்மாரும் உண்டு. அவர்களுக்கும் தேநீர் கொடுத்துத்தான் அனுப்புவார்.

இனி, எழுதக் கை வராததை எழுதுகிறேன். இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"தாடை வலிக்குது தம்பி. படி ஏறினா மூச்சு வாங்குது. முதுகும் ஒரு மாதிரி இழுக்குது. இருதயமா இருக்குமோன்னு யோசிக்கிறேன்."

"இந்த வயசுல பொம்பளைங்களுக்கு வர்றதுதான் அக்கா. மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. ரெஸ்ட் எடுங்க."

இதையே ஓர் ஆண் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லியிருப்பேன். "டொக்டர் சொன்னா சரி" என்று அக்கா போனை வைத்தார். ஒன்பதாம் நாள் காலை, பாடசாலைக்குச் சேலை உடுத்திக்கொண்டிருந்தபோது விழுந்தார். மாரடைப்பு. அக்கா சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

அடுத்த கிழமை அக்காவின் ஒரே மகளுக்குப் பெறுபேறு வந்தது. மருத்துவத்துக்குப் போதும். கண்டிக்குப் போதுமா என்பது சந்தேகம். விண்ணப்பம் இப்போது கணினியில். எப்படி நிரப்பினாய் என்று கேட்டேன்.

"கண்டி மட்டுந்தான் மாமா போட்டேன். நானும் போயிட்டா அப்பாவ யாரு பாத்துக்குவாங்க?"

"அப்பாவா சொன்னாரு?"

"அப்பா ஒண்ணுமே சொல்லல."

அத்தான் பக்கத்துக் கதிரையில்தான் உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் அப்பாவாவது வாய்விட்டுச் சொன்னார். இங்கே யாரும் சொல்லாமலே அது நடந்திருந்தது. அவளிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை.

செய்தி கேட்டதும் ஓடிவந்த அயலவர்களுக்கும், பாடையைத் தூக்கியவர்களுக்கும், வெள்ளைச் சீருடையோடு மழையில் வரிசையாக நின்ற மாணவிகளுக்கும், ஒரு மாதமாக இந்த வீட்டு அடுப்பை அணைய விடாதவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

இன்னும் ஓர் உதவி கேட்கிறேன். அக்கா மகளின் விண்ணப்பத்தைத் திருத்த இன்று பின்னேரம் வரை நேரம் இருக்கிறது. இதை நீங்கள் வாசிக்கும்போது அவள் உங்களுக்குப் பரிமாறிக்கொண்டிருப்பாள். குழம்பு அவள் வைத்ததுதான். இந்த வயதில் எவ்வளவு பொறுப்பு என்று உங்களுக்குத் தோன்றும். அம்மா மாதிரியே இருக்கிறாய் என்று மட்டும் தயவுசெய்து அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.