அன்று என் போன் அணைந்திருந்தது

பிள்ளைகளே, என் போன் நாற்பது சதவீதம் காட்டும்போதே அணைந்துவிடும். பதுளையில் போன் திருத்தும் கடைக்காரர் அதில் வேறு மென்பொருள் ஏற்றித் தந்தார். "பேட்டரிய ஒருதடவ சுத்தமா இறக்கிட்டு, நூறு வரைக்கும் ஏத்துங்க. அப்பதான் சரியா காட்டும்" என்றார்.

மறுநாள் காலையே இறக்கினேன். போன் அணைந்ததும் சார்ஜில் போட்டேன். சார்ஜ் ஏறுவதற்குள் அடைமழையில் கரண்ட் போய்விட்டது.

மண்சரிவு எச்சரிக்கையை எங்கள் லயத்துக்கு, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்குச் சொல்ல அதிகாரிகளிடம் இருந்தது என் நம்பர் ஒன்றுதான். மழை நாளில் அதை அணையவிட்டது என் தப்பு. வீடு வீடாகக் கதவைத் தட்டினேன்.

"ஒங்க போன் செத்ததுக்கு நாங்க ஏன் மாமா நனையணும்?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

"எச்சரிக்க வந்துச்சா இல்லையான்னே தெரியல. வந்திருந்தா நேரமில்ல, கெளம்பு தாயி!"

முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஏறினார்கள். அங்கே ஓர் ஆசிரியரின் பவர்பேங்கில் போனைச் செருகினேன். திரை வெளிச்சமானதும் ஒரு செய்தி வந்து விழுந்தது: உடனே வெளியேறவும். அனுப்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அந்தப் பெண்ணிடம் காட்டினேன். அவள் லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று ஒவ்வொருவராக எண்ணத் தொடங்கினாள்.