ரோல் முடிக்க எடுத்த படம்

காலை ஐந்து ஐம்பத்திரண்டு. முதலில் கண்ணில் பட்டது ஒரு கட்டைவிரல். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே, வேலிக்கு வெளியே மணலில் நின்றிருந்த ஒரு பெண், தன் கேமராவில் பிலிமை நகர்த்தும் சிறிய கைப்பிடியைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். சூரியன் இன்னும் வரவில்லை. கோயில் கறுப்பாக இருந்தது. அவளுடைய நகப்பூச்சு மட்டும் மஞ்சள்.

அவளும் கூட வந்தவர்களும் பொத்தேரியில் விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள். வேன் பிடித்து இருட்டோடு வந்திருந்தார்கள். பிலிமில் படம் எடுப்பது இப்போது அவர்களுக்கு ஒரு மோகம். என் கழுத்தில் தொங்கியதைப் பார்த்துவிட்டு அவள் அருகில் வந்தாள்.

“அங்கிள், அதுவும் பிலிமா?”

“பிலிம்தான்.”

“ஒரு நிமிஷம் அப்படியே நிக்கிறீங்களா? ஒண்ணு மிச்சம் இருக்கு. ரோல் முடிக்கணும்.”

நின்றேன். எடுத்தாள். பெயர்கூடக் கேட்காமல் நன்றி சொல்லிவிட்டு, பிலிமைத் திருப்பிச் சுற்றிக்கொண்டே போய்விட்டாள். அந்த நேரத்தில் அங்கே நாய் நின்றிருந்தால் நாயை எடுத்திருப்பாள். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் ‘ரோல் முடிக்கணும்’ என்ற அந்த இரண்டு சொற்களைக் கேட்டு இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

போனில் படம் எடுத்துப் பழகியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஒரு ரோலில் முப்பத்தாறு படம். முப்பத்தாறும் எடுத்து முடிக்காமல் கழுவக் கொடுக்க மனசு வராது. வேலை முடிந்து இரண்டு மூன்று மிச்சம் இருந்தால் எதிரே என்ன இருக்கிறதோ அதை எடுத்துத் தள்ளுவார்கள். சுவர்க் காலண்டர், பக்கத்து வீட்டு ஆடு, யாராவது. பத்திரிகை அலுவலகத்தில் அந்த யாராவது நாங்கள்தான். மந்திரி நிகழ்ச்சியை எடுத்துவிட்டு வந்த புகைப்படக்காரர் மிச்சத்தை எங்கள் மேல் தீர்ப்பார். எனக்குத் தலையில் முடி இருந்ததற்கான ஆதாரம் அந்த நெகட்டிவ்களில்தான் எங்கோ இருக்கிறது.

என் கழுத்தில் தொங்குவது என்னுடைய கேமரா இல்லை. குமரேசனுடையது. திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். அவனுக்குக் கல்பாக்கத்தில் டெக்னீஷியன் வேலை. நான் அப்போது ஒரு நாளிதழுக்குச் செங்கல்பட்டுச் செய்தியாளன். ஏதோ ஒரு பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இறங்குவதற்குள் ‘மச்சான்’ ஆகிவிட்டான்.

கேமரா அவனிடம் வந்த கதை வேடிக்கையானது. அவன் கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்தவர் பிலிமைச் சரியாக மாட்டவில்லை. உள்ளே சுருள் நகராமல் நிற்க, அவர் பாட்டுக்கு நாள் முழுக்கச் சொடுக்கியிருக்கிறார். தாலி கட்டியது, பந்தி, மறுவீடு, ஒன்றும் விழவில்லை. அந்தக் கோபத்தில் குமரேசன் தானே ஒரு பழைய கேமரா வாங்கி, தானே கற்றுக்கொண்டான்.

“என்னியப் படம் புடிக்கத்தான் வாங்குனாரு,” என்பாள் தேவகி, அவன் மனைவி. “வாங்குனப்புறம் கல்லு மேல ஆசை வந்துடுச்சு.”

உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே நானும் அவனும் மாமல்லபுரத்தில் இருப்போம். ஐந்து ரதங்களில் வெயில் எந்த மாதம் எந்தப் படியில் ஏறும் என்பது அவனுக்குத் தெரியும். புலிக்குகைக்கு நடப்போம். சதுரங்கப்பட்டினத்துக்குப் போய், இடிந்த டச்சுக் கோட்டைக்குள் கல்லறைப் பலகைகளில் செதுக்கிய மண்டையோடுகளின் மேல் நிழல் விழக் காத்திருப்போம். அங்கே மதிலுக்கு வெளியே மீன் காயும். இன்றைக்கும் கருவாட்டு வாசனை வந்தால் எனக்கு மண்டையோடுதான் ஞாபகம் வருகிறது. வீட்டில் சொன்னால் சாப்பாட்டு நேரத்தில் பேசாதே என்கிறார்கள்.

அவனுக்கும் எனக்கும் ஒரே ஒரு சண்டைதான். அவன் படத்தில் மனிதர்கள் வரக்கூடாது.

“ஆளு வந்தா படம் கெட்டுப்பூடும் மச்சான்.”

“ஆள் இல்லாத படத்த எங்க பேப்பர்ல போட மாட்டாங்க.”

“உங்க பேப்பர்ல நாளைக்கு பஜ்ஜி மடிப்பான். இந்தக் கல்லு ஆயிரம் வருசமா கீது.”

சுற்றுலாக்காரர்கள் நகரும்வரை அரைமணி நேரம் நிற்பான். குகைக்குள் வேறு வழி வைத்திருந்தான். இருட்டு என்பதால் கேமராவை முக்காலியில் நிறுத்தி, நெடுநேரம் திறந்து வைப்பான். கல் அசையாது, விழும். குறுக்கே நடந்து போகிறவர்கள் நிற்காததால் பிலிமில் விழ மாட்டார்கள். ஒரே ஒரு ஞாயிறு தேவகியும் வந்திருந்தாள். மகிஷாசுரமர்த்தினி குகையில் அவன் கேமராவைத் திறந்து வைத்திருந்தபோது, அவள் டிபன் தூக்கோடு தூண்களுக்குக் குறுக்கே நடந்துவிட்டாள். நான் பதறினேன். அவன் சிரித்தான். மறுவாரம் பிரிண்டைக் கொண்டுவந்து காட்டினான். தூண்கள், சிங்கம், தேவி, எருமைத் தலையன். அவள் இல்லை.

“பாரு, போனதே தெரியல.”

தேவகி வாங்கிப் பார்த்தாள். “தூக்குச்சட்டியாவது தெரியும்னு பாத்தேன்,” என்றாள்.

முப்பத்தாறு படம் என்றேன் இல்லையா, குமரேசனுக்கு அது முப்பத்தேழு. பிலிமை மாட்டும்போது நுனியைச் சிக்கனமாகச் செருகினால் ஒன்று கூடக் கிடைக்கும். அதில் அவனுக்கு ஒரு பெருமை. கல்லுக்கெல்லாம் முப்பத்தாறைச் செலவழித்துவிட்டு, அந்த ஒன்றோடு வீட்டுக்கு வருவான். வாசலில் வண்டியை நிறுத்தும்போதே குரல் கொடுப்பான். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி முருங்கை மரத்தடியில் வந்து நிற்பாள். தலைகூடச் சரிசெய்ய மாட்டாள்.

“இன்னா, ரோலு முடியணுமா? வா, வந்து முடி. அர்ச்சுனன் தபசுக்குப் பதினஞ்சு, எனக்கு ஒண்ணு. அதுவும் மிச்சம். பாத்துக்குங்கண்ணா உங்க மச்சான் லட்சணத்த.”

அவன் என்னை மச்சான் என்றதால் நான் அவளுக்கு அண்ணன் ஆகிவிட்டேன். ஒவ்வொரு ரோலும் அவளில்தான் முடிந்தது. அந்தப் படங்களை அவள் கேட்டதுண்டு. “லேபுல வரலையாம்,” என்பான். அவளும் விட்டுவிடுவாள்.

லேப் என்றால் செங்கல்பட்டு ராட்டினங்கிணற்றுக்குப் பக்கத்தில் பாயின் ஸ்டுடியோ. இருட்டறைக் கதவைத் திறந்தால் புளித்த காடி வாசனை மூக்கில் ஏறும். ஊறுகாய்க் கடை என்று நினைத்து ஒருவர் உள்ளே வந்துவிட்டதாகப் பாய் எல்லோரிடமும் சொல்வார், நான் நம்பியதில்லை. பாய் இருட்டில் தடவித்தான் வேலை செய்ய வேண்டும். பிலிமை இழுத்து, அடியில் சுருளோடு ஒட்டியிருக்கும் இடத்தைக் கத்தரியால் வெட்டுவார். கழுவிய பிறகு அந்த முனையில் பல் வைத்த கிளிப்பை மாட்டிக் கொடியில் தொங்கவிடுவார். கத்தரியும் கிளிப்பும் படுவது கடைசி இரண்டு அங்குலத்தில். முப்பத்தாறோடு நிறுத்தியவர்களுக்கு அங்கே வெறும் பிலிம்தான் இருக்கும். குமரேசனுக்கு அங்கே தேவகி இருந்தாள்.

“நைனா, கம்பெனிக்காரன் முப்பத்தாறுன்னு போட்டுகீறான். நீ ஏன் ஒண்ணு இழுக்குற?” என்று பாய் பலமுறை கேட்டிருக்கிறார்.

“சும்மா கெடைக்குதுல்ல பாய்.”

ஒரு மழைக்காலத்தில் தேவகிக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள் போய்விட்டாள். பெண் கயலுக்கு அப்போது மூன்று வயது.

காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். கல்யாணப் படம் இல்லை. ஓட்டு அட்டையில் இருந்தது, மை தடவி உருட்டிவிட்ட முகம். அவள் அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை. குமரேசன் நெகட்டிவ் டப்பாவைக் கைலியில் சுற்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றான். அழவில்லை.

“மச்சான், காரியம் எப்படியோ நடந்துடும். கயலு பெருசாயி அம்மா எப்படி இருந்துச்சுன்னு கேட்டா இன்னா காட்டுவேன்?”

பாயின் கடையில் வெளிச்சப் பெட்டியைப் போட்டு ஒவ்வொரு சுருளாக வைத்தோம். எத்தனை வருட ஞாயிற்றுக்கிழமைகள். ரதம், யானை, கோட்டை, அலை. ஆள் இல்லாத ஊர். நெகட்டிவில் வானம் கறுப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் இருக்கும். அதனால் அது இன்னும் ஆளில்லாததாகத் தெரிந்தது. ஒவ்வொரு சுருளின் முனையிலும் முருங்கை மரம். ஒன்றில் தோளும் கையும். ஒன்றில் கழுத்துவரை. ஒன்றில் கரண்டி பிடித்த விரல்கள் மட்டும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெட்டு, அல்லது பல் தடம்.

“ஒரு மூஞ்சிகூடவா இல்ல?” என்றான் குமரேசன்.

“நான்தான் முப்பத்தாறோட நிறுத்துன்னு எத்தினி வாட்டி…” என்று ஆரம்பித்த பாய், நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்திவிட்டார்.

குகைப் படத்தின் நெகட்டிவும் வந்தது. மூன்று பேரும் அதன் மேல் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தோம். அவள் எந்தத் தூணிலிருந்து எந்தத் தூணுக்குப் போனாள் என்று நானே விரலால் காட்டினேன். கல் தெளிவாக இருந்தது.

கடைசியில் பாய் இரண்டு துண்டுகளை ஒதுக்கினார். ஒன்றில் கத்தரி முகத்தின் ஒரு பாதியைக் கொண்டுபோயிருந்தது. இன்னொன்றில் கிளிப்பின் பற்கள் மறு பாதியில் இறங்கியிருந்தன. “ரெண்டையும் சேத்துப் பாக்கட்டா?” என்றார். ஒரே அளவில் இரண்டு பிரிண்ட் போட்டு, பிளேடால் அறுத்து, மூக்கின் நடுவே ஒட்டி, தூரிகையால் தொட்டு, அதை மறுபடியும் படம் எடுத்துப் பெரிதாக்கினார்.

அதுதான் சட்டம் போட்டுச் சுவரில் ஏறியது. நெற்றியிலிருந்து மோவாய்வரை மயிரிழை மாதிரி ஒரு கோடு. இரண்டு பாதிக்கும் நடுவே இரண்டு வருடமாவது இருக்கும். ஒரு காதில் தோடு, இன்னொன்றில் இல்லை. ஒரு கண் நம்மைப் பார்க்கும். மற்றது வேறெங்கோ பார்க்கும். அன்றைக்கு அடுப்பில் பால் வைத்திருந்திருப்பாள். காரியத்துக்கு வந்தவர்கள் ஒரு கணம் நின்றார்கள். “தேவகிதான்… ஆனா யாரோ மாதிரி கீது,” என்றாள் ஒரு அத்தை. கயல் மட்டும் நேராகப் போய், அம்மா என்று கை நீட்டியது.

அந்த வாரமே கேமரா என்னிடம் வந்துவிட்டது. “நீ வெச்சிக்கோ. நீதான் ஆளுங்கள எடுப்ப.” அதற்குப் பிறகு அவன் ஒரு படம்கூட எடுக்கவில்லை. நான் எடுக்கிறேன். முப்பத்தாறோடு நிறுத்திவிடுகிறேன்.

பாயின் ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். பாயும் இல்லை. முருங்கை மரம் ஒரு புயலில் விழுந்தது. நெகட்டிவ் டப்பா உப்புக்காற்றில் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டது. பிரித்தால் படம் உரிந்து வருகிறது.

இன்று கடற்கரையிலிருந்து நேராகக் குமரேசன் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் என்னை எடுத்ததைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். கயல் வந்திருந்தாள். கல்யாணமாகி சிங்கபெருமாள்கோவிலில் இருக்கிறாள். கண்ணாடி மாற்றுவதாக அப்பாவிடம் சொல்லிப் படத்தை எடுத்துப்போய் ஒரு டிஜிட்டல் கடையில் கொடுத்து, நேற்று இரவு கொண்டுவந்து, இப்போதுதான் மாட்டியிருக்கிறாள். வண்ணம் சேர்த்திருந்தார்கள். இரண்டு காதிலும் தோடு. இரண்டு கண்ணும் நேராக நம்மைப் பார்த்தன. அழகான முகம்தான். எங்கும் பார்த்ததில்லை.

குமரேசன் எழுந்து கிட்டப் போனான். சட்டத்தின் கண்ணாடியில் விரலை வைத்து, நெற்றியிலிருந்து கீழே மெல்ல இழுத்தான்.

“இங்க ஒரு கோடு இருந்துச்சேம்மா.”

“அதத்தான்பா எடுக்கச் சொன்னேன். நல்லா இல்லியா?”

“நல்லாத்தான் கீது.” விரலை எடுக்காமலே, “பழசு எங்க?” என்றான்.

அதே சட்டத்தில்தான் போட்டுத் தந்தார்கள் என்றாள் அவள். நான் ஸ்டூலில் ஏறிப் படத்தை இறக்கினேன். பின்னால் இருந்த ஆணிகளைக் கத்தி முனையால் நிமிர்த்தி அட்டையை எடுத்தோம். புதுப் படத்தைப் பழையதன் மேலேயே பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.