முட்டைக்கோஸ் கப்பலும் யோகலட்சுமியும்

யோகலட்சுமி என்ன வேலை பார்க்கிறாள் என்று அவள் ஊரான எம். புதுப்பட்டியில் கேட்டால், "கம்ப்யூட்டர்ல கேம் விளையாடுது, அதுக்குச் சம்பளம் குடுக்காக" என்பார்கள். சொல்லும்போதே ஒரு சிரிப்பு வரும். உண்மையில் வேலையே அதுதான். மதுரையில் இருக்கும் ஒரு கம்பெனிக்காக, இன்னும் வெளியாகாத வீடியோ கேம்களை வீட்டிலிருந்தே விளையாடிப் பார்த்து, எங்கெங்கே கோளாறு என்று எழுதி அனுப்ப வேண்டும்.

ஆறு மாதம் சோதனைக்காலம். வேலை நிரந்தரமானால் அம்மா சண்முகத்தாயைப் பட்டாசு ஆலையிலிருந்து நிறுத்திவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் அறையில் அம்மாவுக்குப் பதினெட்டு வருடம். "ஒனக்கு வேல ஆர்டரு வரட்டும், அன்னைக்கே நின்னுக்கிடுறேன்" என்று அம்மாவும் சொல்லியிருந்தாள்.

ஆறாவது மாதத்தில் வந்து சேர்ந்தது அந்த விண்கப்பல்.

வேற்றுக்கிரகத்தாரின் போர்க்கப்பல். அதன் ஆயுதங்களை அமைத்தவன் நான். விருதுநகர்க்காரன், இப்போது ஸ்வீடனில் அந்த கேமை உருவாக்கும் கம்பெனியில் இருக்கிறேன். கேமில் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. அடுக்கடுக்கான கவசத் தகடுகளைப் பார்த்த மதுரை அலுவலகம் அதை முட்டைக்கோஸ் ஆக்கிவிட்டது.

முட்டைக்கோஸின் சண்டை முறை இதுதான். முதலில் ஒரு சிவப்புக் கதிர். அது நம்மைக் குறிவைக்காது. நாம் ஓடப்போகும் பக்கத்தை அடைத்துக்கொண்டு வரும். அப்படியே ஆடு மேய்ப்பதுபோல் நம்மைத் தன் பக்கம் தள்ளும். கப்பலைச் சுற்றிலும் உருண்டை உருண்டையாய் வெடிகள் மிதக்கும், தொட்டால் போயிற்று. பிறகு தகடுகளெல்லாம் பத்து விநாடி ஒளியைச் சேர்த்துக்கொண்டு ஒரே வெடி வெடிக்கும். வெடித்த கையோடு தகடுகள் விரிந்து, உள்ளிருக்கும் கரு ஆறு விநாடி வெளியே தெரியும். இது திரும்பத் திரும்ப நடக்கும். ஒவ்வொரு தடவையும் பாய்ந்து உள்ளே போய் அதைச் சுட்டுத் தீர்த்தால் வெற்றி.

சோதித்துப் பார்த்த மற்ற எல்லோரும் இரண்டாம் நாளே ஜெயித்துவிட்டார்கள். யோகலட்சுமி முப்பத்தொரு தடவை தோற்றாள். வெள்ளிக்கிழமைக்குள் ஜெயித்த பதிவோடு அறிக்கையும் அனுப்பியாக வேண்டும். சோதனைக்காலத்தின் கடைசி வேலை அது.

அவளுடைய பதிவுகளை நான் பார்த்தேன். கதிரிலிருந்து அழகாகத் தப்புகிறாள். உருண்டைகளைத் தொடுவதே இல்லை. ஆனால் கப்பல் வெடித்த அடுத்த நொடி, எல்லோரும் முன்னால் பாயும் இடத்தில், இவள் முழு வேகத்தில் பின்னால் போகிறாள், அதற்குள் கரு மூடிக்கொள்கிறது. முப்பத்தொரு தடவையும்.

கல்லூரிச் செலவுக்காக இரண்டு வருடம் அவளும் அம்மாவின் பட்டாசு ஆலைக்குப் போனவள். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறை எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஓடு, திரும்பாதே, புகை அடங்கி ஆள் வந்து சொல்லும்வரை கிட்டே போகாதே. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்வது இதைத்தான். ஒரு தடவை அப்படி ஓடித்தான் அவள் பிழைத்தாள்.

புதன்கிழமை மதுரை மேலாளர் ஹரிஷ்குமார் கணினி வழியே பேசினார். அந்த அழைப்பில் நானும் இருந்தேன், பேசாமல்.

"யோகலட்சுமி, வெடிச்ச உடனே உள்ள போங்க. அம்புட்டுத்தான். எங்க வீட்டு ஆறு வயசு வாண்டே ஜெயிச்சிருச்சு."

"தெரியுது சார். கை போக மாட்டேங்குது."

"கேம்தானங்க இது? சூடா அடிக்கப் போகுது?"

"மூளைக்குத் தெரியுது சார், கைக்குத் தெரியல."

"அப்ப கைய மட்டும் மதுரைக்கு அனுப்பி வைங்க, டிரெயினிங் குடுப்போம்."

அவளும் சிரித்தாள். பிறகு தயங்கித் தயங்கி, "சார், ஒண்ணு கேக்கவா? இந்த உருண்டைகள ஏன் இம்புட்டு நெருக்கமா வச்சிருக்காக? ஒண்ணு போனா வரிசையா எல்லாம் போகும்ல? எந்த மடையன் சார் இதக் கட்டுனது?" என்றாள்.

ஹரிஷ்குமாருக்கு இருமல் வந்துவிட்டது. பார்க்க அழகாக இருக்கிறது என்றுதான் நான் நெருக்கமாக வைத்திருந்தேன்.

மறுநாள் அவள் அதைச் செய்தே காட்டினாள். திரையின் விளிம்பில் எட்டாத தூரத்தில் நின்றுகொண்டாள். கப்பல் ஒளி சேர்த்து முடிக்கும் ஒன்பதாவது விநாடியில், ஓர் ஓரத்து உருண்டையை மட்டும் சுட்டாள். அது அடுத்ததை எடுத்தது, அது அடுத்ததை. சேர்த்த ஒளியெல்லாம் உள்ளேயே வெடித்து, கால் மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டிய கப்பல் நாற்பது விநாடியில் சிதறியது.

பதிவை மட்டும் அனுப்பியிருந்தால் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அவள் அறிக்கையில் இப்படி எழுதினாள்: "இது வெற்றி அல்ல, கப்பலின் கோளாறு. உருண்டைகளைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். வெடித்த பின் உள்ளே போவதை என்னால் சோதிக்க முடியவில்லை. கருவைப் பற்றிய பகுதியைக் காலியாக விட்டிருக்கிறேன்."

"உள்ள போகாத ஆள டெஸ்டிங்ல வச்சு என்னங்க பண்றது?" என்று ஹரிஷ்குமார் என்னிடம் கேட்டார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் இரண்டு நாள் பதில் எழுதவில்லை. அந்த இரண்டு நாளும் அவள் எப்படி இருந்திருப்பாள் என்பது இப்போதுதான் உறைக்கிறது. கடைசியில், உள்ளே போகாத ஆட்களும் இந்த கேமை வாங்குவார்கள், அவர்களுக்கும் ஒரு வழி வேண்டும், அதை இவளை விட்டால் யாரும் சோதிக்க முடியாது என்று எழுதினேன். உருண்டைகளைத் தள்ளி வைத்தேன். தொலைவில் நின்றே மெதுவாக ஜெயிக்க ஒரு வழியும் வைத்தேன்.

ஆர்டர் அடுத்த வாரம் வியாழக்கிழமை வந்தது. தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. ஆலையில் இன்னும் ஒரு மாதம் இருக்கச் சொல்லிக் கேட்டார்கள். சண்முகத்தாய் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக, அவளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. மகளின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று அந்தப் பழைய பதிவைப் பார்த்தாள். கப்பல் சிதறி முடிந்ததும் கேட்டாள்.

"ஏ யோகு, உள்ள எத்தன பேரு இருந்தாக?"

"யாரும் இல்லம்மா. சும்மா படம்."

"நல்லாப் பாத்தியா?"

யோகலட்சுமி அந்தக் கேள்வியை அப்படியே அன்றைய அறிக்கையில் சேர்த்து அனுப்பிவிட்டாள். கப்பலுக்குள் எத்தனை பேர்? நாங்கள் அதை முடிவு செய்திருக்கவே இல்லை. அறிக்கையில் அந்தக் கேள்விக்கு எதிரே உள்ள பதில் கட்டத்தில் நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.