நாடித் துடிப்பில் ஒரு இடைவெளி

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. ஆய்வகத்தில் பிள்ளைகள் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தால்கூட வாளித் தண்ணீரோடு பக்கத்தில் நிற்பேன். அப்படிப்பட்டவள் அறிவியல் பாடத்தைக் கபடி மைதானத்துக்குக் கொண்டுபோனேன் என்றால், வேறு வழியில்லாமல்தான். ஓசூர் தாண்டி, கர்நாடக எல்லையோரப் பேரிகை ஊர்ப் பக்கத்து அரசுப் பள்ளி. இரத்த ஓட்டம் நடத்தினால் ஒன்பதாம் வகுப்பு கொட்டாவி விடும். கபடி என்றால் மணியடிக்கும் முன்பே மைதானத்தில் நிற்கும். சரி, உங்கள் வழிக்கே வருகிறேன் என்று, ஆடி முடித்ததும் மணிக்கட்டைப் பிடித்து நாடியை வாய்விட்டு எண்ணச் சொன்னேன். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று.

எங்கள் அணியில் எதிரணிக் கோட்டுக்குள் கபடி பாடிப் போவதில் கெட்டிக்காரி ஒருத்தி. தெலுங்கு பேசும் வீடு. சனிக்கிழமை ஓசூரில் மேட்ச். அவளை நம்பித்தான் அணியே. அவள் எண்ணுவதில் மட்டும் தடங்கல் வந்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று நின்று, பிறகு "நாலு" என்பாள். கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகும், மறுபடி நிற்கும். இந்த எல்லைப் பக்கத்தில் அது சகஜம். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், பள்ளியில் தமிழ். கணக்கென்று வந்தால் நாக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று திணறும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்டி தந்தியடிக்கிற? உங்கூட்டுப் பேச்சுலயே எண்ணு" என்றேன்.

சிரித்துக்கொண்டே தொடங்கினாள். "ஒகட்டி, ரெண்டு, மூடு..." நின்றது. "நாலுகு."

"தெலுங்குமா மறந்துபோச்சு?"

"மறக்கல மிஸ். அது அடிச்சாத்தான எண்ண முடியும்?"

அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். ஒரு துடிப்பு, இன்னொரு துடிப்பு, பிறகு ஒன்றுமே இல்லை. என் விரல்தான் தப்பாக இருக்கும் என்று மாற்றி வைத்தேன். பக்கத்துப் பெண்ணின் கையைப் பார்த்தேன். அது தையல் மெஷின் மாதிரி சீராக ஓடியது. மறுபடி இவள் கை. மறுபடி அந்த வெறுமை. அடுத்த துடிப்பு வருகிற வரைக்கும் என் உயிர் என்னிடம் இல்லை.

"அப்பப்ப கண்ணு இருட்டுதா?"

"பாடிட்டுத் திரும்பறப்ப இருட்டும். எல்லாருக்கும் அப்பிடித்தான மிஸ்?"

ஐயோ, எல்லாருக்கும் அப்படி இல்லையடி பெண்ணே.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா லாரியில் வெளியூர் போயிருந்தார். ஓசூரில் வேலை பார்க்கும் அம்மா, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நின்றார். வழியெல்லாம் எனக்கு இரண்டு பயம். சொன்னால், படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று பெண்ணை வீட்டோடு நிறுத்திவிடுவார்களோ. சொல்லாமல் விட்டால், சனிக்கிழமை நடுக்கோட்டைத் தாண்டுகிறவள் திரும்பியே வராமல் போய்விடுவாளோ. இரண்டாவது பயம்தான் என்னைத் தள்ளிக்கொண்டு போனது. நாடி விட்டு விட்டு அடிப்பதைச் சொன்னேன்.

"குதிரையாட்டம் ஓடற புள்ள டீச்சர். வாய வச்சு எதுவும் சொல்லாதீங்க. நெஞ்சுல கோளாறுன்னு ஊருக்குள்ள பேச்சு கெளம்புனா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றார் அம்மா.

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது. "கட்டிக் குடுக்கறதுக்கு மொதல்ல புள்ள இருக்கணும்ல?" என்று கத்திவிட்டேன். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். சுவரோரம் நின்று மகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எங்க வச்சுப் பாக்கணும்?" என்றார்.

மகளின் கையை இழுத்து, கட்டைவிரலுக்குக் கீழே தாயின் விரல்களை வைத்தேன். இந்த நேரம் பார்த்து ஒழுங்காக அடித்துத் தொலைக்குமோ என்றும் பயம், அடியோடு நின்றுவிடுமோ என்றும் பயம்.

"ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு, ஐது..."

அம்மாவின் உதடு அப்படியே நின்றது. "ஆறு" என்று வந்தபோது அது அழுகையாக இருந்தது.

"நாளைக்கு லீவு சொல்லிடறேன். கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்கு நீங்களும் வாங்க டீச்சர். தனியாப் போவப் பயமாருக்குது."

"வர்றேன்" என்றேன். எனக்கும் பயம்தான் என்று சொல்லவில்லை.

"அப்ப சனிக்கிழமை மேட்ச்?" என்றாள் மகள்.

"டாக்டர் சொல்ற வரைக்கும் ஆட்டம் கெடையாது கண்ணு."

அவள் அம்மாவின் பிடியிலிருந்து கையை உருவி, யாரும் தொட முடியாதபடி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.