மின்சாரம் போன பகலில் வரைந்த படம்

வியாழக்கிழமை காலை ரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்குள் நுழைந்தபோது குணா அண்ணனின் நாற்காலி காலியாக இருந்தது. தாதி அருகில் வந்து, "அக்கா, அண்ணன் நேத்து வீட்டுல தூக்கத்திலேயே போயிட்டாரு" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. அடுத்தது யார் என்ற பயம்தான் முந்திக்கொண்டது. அவரோடு சிகிச்சைக்கு வந்து, இன்று அவர் நினைவாக இங்கே கூடியிருக்கும் உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அண்ணன் கோலா கெத்தில் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். இடது கையில் ஊசி ஏறியிருக்க, வலது கையால் எங்களை வரைந்துகொண்டிருப்பார். "இதனால நோய் தீருமா அண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தீராதுலா. நாம இங்க கிடந்தத ஒருத்தன் நல்லா பார்த்தான்னு இருக்கட்டுமே" என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பிறகு ஒரு பகலில் மின்சாரம் போனது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. இயந்திரங்கள் ஒன்றாகக் கத்தின. குழாயில் என் ரத்தம் உடம்புக்கு வெளியே, கண் முன்னால் நின்றுவிட்டது. தாதியர் ஓடி ஓடி இயந்திரத்தின் பம்பைக் கையால் சுற்றி ஒவ்வொருவருக்கும் ரத்தத்தைத் திருப்பி அனுப்பினார்கள். என் முறை வருவதற்குள் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைவில்லை.

அதன்பின் நான் போகவில்லை. மகள் கெஞ்சினாள், திட்டினாள். கால் வீங்கியது; படுத்தால் மூச்சு முட்டியது. போகவும் பயம், போகாமல் இருக்கவும் பயம்.

விஷயம் தெரிந்து, குணா அண்ணன் மனைவியோடு பாடாங் செராயில் என் வீட்டுக்கே வந்தார். ஒரு தாளை நீட்டினார். மின்சாரம் போன அன்றைய நான். வாய் கோணி, கண் பிதுங்கி, பார்க்கவே சகிக்கவில்லை. கோபம் வந்தது.

"கையப் பாருங்க அக்கா."

ஊசி இல்லாத கையால் பக்கத்து நாற்காலி மீனாட்சி அம்மாவின் கையைப் பிடித்திருந்தேன்.

"இது நீங்களா சேர்த்ததா?"

"இல்லக்கா. அந்தம்மா அழுதாங்க, நீங்க பிடிச்சீங்க. பயத்துல உங்களுக்கே தெரியல. அதான் கொண்டாந்தேன்."

"உங்களுக்குப் பயமில்லையா?"

"கோட்டப் பாருங்க. எவ்ளோ நடுங்கியிருக்கு."

அன்று மாலையே மகளோடு மையத்துக்குப் போனேன்.

படத்தை மீனாட்சி அம்மா ஆசையாகக் கேட்டார், கொடுத்துவிட்டேன். பயம் இன்னும் போகவில்லை. ஊசி ஏறும்போது முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். இப்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறேன். அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.